பத்து ஏக்கர் மானாவாரியில் கரிமத்தை எங்கே சேர்ப்பது?

விளாத்திகுளம், எட்டயபுரம், அருப்புக்கோட்டை வட்டாரத்தில் பத்து ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஆறு ஏக்கர் கரிசல். புரட்டாசியில் உளுந்து, பாசிப்பயறு, கம்பு, மக்காச்சோளம், பருத்தி என்று விதைத்தால் தை, மாசியில் விளைச்சல் வீடு வந்து சேரும். மீதி நான்கு ஏக்கர் மேட்டுச் செவல், அதாவது செம்மண். ஆள் கிடைக்காமலும் கட்டுப்படியாகாமலும் விட்டுப்போனதில், பதினைந்து ஆண்டுகளுக்குள் சீமைக் கருவேலம் அதை மூடிவிட்டது. தென் மாவட்டங்களில் ஊருக்கு ஊர் காணக்கூடிய நிலம்தான் இது.

அந்தக் குடும்பத்திடம் இன்று பலர் பல யோசனைகளோடு வருகிறார்கள். மலைவேம்போ மகாகனியோ தோப்பாக நட்டால் மரத்துக்கு ஒரு விலையும், அது காற்றிலிருந்து இழுக்கும் கரிமத்துக்கு (கார்பனுக்கு) ஒரு விலையும் கிடைக்கும் என்கிறார் நாற்றுப்பண்ணைக்காரர். கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுக்கொண்டு நிலத்தைச் சுத்தமாகத் திருப்பித் தருகிறேன் என்கிறார் விறகு வியாபாரி. தொழு உரமும் பசுந்தாளும் இட்டு மண்ணைத் தேற்றுங்கள் என்கிறார் இயற்கை வேளாண்மை செய்யும் பக்கத்துக் காட்டுக்காரர். ஒன்றும் செய்யாமல் கையெழுத்து மட்டும் போட்டால், நிலம் சேர்க்கும் கரிமத்தைக் கணக்கிட்டு விற்பதில் கிடைக்கும் கார்பன் வரவுப் பணம் வரும் என்று சொல்லும் முகவர்களும் இப்போது வரத் தொடங்கியிருக்கிறார்கள். இவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, எந்த ஏக்கரில் எதைச் செய்வது என்று முடிவெடுக்க உதவுவதே இக்கட்டுரையின் வேலை.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழை குறைந்த நிலத்தில் தண்ணீர் எங்கே தங்குகிறதோ அங்கேதான் கரிமமும் தங்கும். ஆகவே அதிகக் கரிமத்தை வேகமாகச் சேர்க்கும் வழி எது என்று கேட்பதைவிட, மழை பொய்க்கும் ஆண்டிலும் சேர்த்ததை இழக்காத வழி எது, அதற்கான தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதுவரை அந்த வீட்டில் அடுப்பு எதனால் எரியும் என்று கேட்பதே பொருத்தம்.

அளவைத் தெரிந்துகொள்வது

ஓரிடத்தில் பெய்யும் மழையை அங்கே ஆவியாகிப் போகக்கூடிய நீரின் அளவால் வகுத்து, விடை 0.65க்குக் கீழே வந்தால் அந்த நிலத்தை வறள்நிலம் என்பார்கள். உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 41 விழுக்காடு இந்த வகையைச் சேர்ந்தது. ஏக்கர் ஒன்றில் இருக்கும் கரிமம் சொற்பம். பரப்போ மிகப் பெரிது. வறள்நிலத்தைத் தேற்றுவது உலகக் கரிமக் கணக்கில் இடம்பிடித்திருப்பதற்கு அந்தப் பரப்பே காரணம். 2019இல் டெல்லியை ஒட்டி நடந்த ஐ.நா. பாலைவனமாதல் தடுப்பு மாநாட்டின்போது, சீரழிந்த நிலத்தில் 2 கோடியே 60 லட்சம் ஹெக்டேரை 2030க்குள் மீட்பதாக இந்தியா அறிவித்ததும் இந்தப் பின்னணியில்தான்.

ஆனால் ஒரு ஏக்கர்க்காரருக்கு அந்தப் பெரிய எண்கள் பயன்படா. நம் மண் பரிசோதனை அட்டைகளில் அங்ககக் கரிமம், அதாவது மட்கிய பொருளிலுள்ள கரிமம், 0.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75க்கு மேலே இருந்தால் அதிகம் என்று குறிக்கப்படும். மானாவாரி நிலங்களில் பெரும்பாலானவை குறைவு என்ற கட்டத்திலேயே நிற்கின்றன. ஒரு கன மீட்டர் மண் 1.3 டன் என்று கொண்டால், ஓர் ஏக்கரில் ஓரடி ஆழம் வரையுள்ள மண் ஏறத்தாழ 1,580 டன். அதில் கரிமம் 0.1 விழுக்காடு கூடினால், அதாவது அட்டையில் 0.4 என்று இருந்தது 0.5 என்று மாறினால், ஏக்கருக்குச் சுமார் 1.6 டன் கரிமம் சேர்ந்திருக்கிறது என்று பொருள். கரியமில வாயுவாகக் கணக்கிட்டால் 5.8 டன்.

இந்த 0.1 எவ்வளவு கடினமானது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஏக்கருக்கு ஐந்து டன் தொழு உரம் இட வேண்டும் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வழக்கமான பரிந்துரை. ஒரு டன் தொழு உரத்தில் சுமார் 150 கிலோ கரிமம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஐந்து டன்னில் 750 கிலோ. அதில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்று மூச்சாக வெளிவிட்டுவிடும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் நெடுங்காலம் தங்குவது சராசரியாக எட்டில் ஒரு பங்கு என்றே தெரிகிறது. அப்படியானால் ஆண்டுக்கு 90 கிலோ தங்கும், 1.6 டன் சேர, ஓராண்டும் விடாமல் எருவடித்தாலும் பதினேழு பதினெட்டு ஆண்டுகள் ஆகும். நம் வெயிலில் மட்கு சிதையும் வேகம் கூடுதல் என்பதால் இதைத் தாராளமான கணக்கு என்றுதான் சொல்ல வேண்டும்.

இதைச் சொல்வது யாரையும் சோர்வடையச் செய்வதற்காக அல்ல. 2015இல் பாரிஸ் பருவநிலை மாநாட்டில் பிரான்ஸ் முன்வைத்த திட்டம், மண்ணிலுள்ள கரிமத்தை ஆண்டுக்கு ஆயிரத்துக்கு நான்கு பங்கு உயர்த்த வேண்டும் என்றது. 0.4 விழுக்காடு கரிமமுள்ள நம் ஏக்கரில் இருப்பு ஏறத்தாழ 6.3 டன், அதில் ஆயிரத்துக்கு நான்கு என்றால் 25 கிலோ. ஐந்து டன் எருவில் தங்கும் 90 கிலோவோடு ஒப்பிட்டால், பசித்த மண்ணுக்கு அந்த இலக்கு எட்டாக்கனி இல்லை என்பது தெரியும்.

கணக்கில் இன்னொரு வரவும் வேண்டும். மட்கில் பத்து முதல் பன்னிரண்டு பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு நைட்ரஜன் இருந்தாக வேண்டும். 1.6 டன் கரிமம் மண்ணில் மட்காகத் தங்க ஏறத்தாழ 140 கிலோ நைட்ரஜன் எங்கிருந்தாவது வர வேண்டும். பருத்திமாரும் சோளத்தட்டையும் மட்டும் போட்டு மண்ணைத் தேற்ற முடியாததற்கும், பயறு வகையும் பசுந்தாள் செடியான கொழிஞ்சியும் ஆட்டுப்புழுக்கையும் கலந்த நிலம் தேறுவதற்கும் இதுவே காரணம்.

கரிசலில் வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும் சுண்ணாம்புக் கட்டிகளிலும் கரிமம் உண்டு. வறள்நில மண்ணில் அந்த வகைக் கரிமம் ஏராளம். ஆனால் ஏற்கெனவே இருக்கும் சுண்ணாம்பு கரைந்து மீண்டும் படிவதால் காற்றிலுள்ள கரியமில வாயு குறைவதில்லை. அதைச் சேமிப்பு என்று காட்டி யாராவது பேசினால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

மரத்தோப்பு

கண்ணுக்குத் தெரியும்படி வேகமாகக் கரிமம் சேர்வது மரத்தில்தான். உலர்ந்த மரம் ஒரு டன் என்றால் அதில் பாதி கரிமம். 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் காடு மற்றும் மரப்பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்த முனைந்திருப்பதால், கன்றுகளும் எளிதில் கிடைக்கின்றன.

கேள்வி தண்ணீரைப் பற்றியது. ஆண்டுக்கு 700 மில்லிமீட்டரைச் சுற்றிப் பெய்யும் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் முடிந்துவிடும் இடத்தில், ஏக்கருக்கு நூற்றுக்கணக்கான கன்றுகளை நெருக்கி நட்டால் முதல் இரண்டு மூன்று கோடைகளுக்கு யாராவது தண்ணீர் ஊற்றியாக வேண்டும். ஆழ்துளைக் கிணறு இல்லாமல் அது நடக்காது. அந்தக் கிணறு ஊரின் குடிநீரிலிருந்துதான் எடுக்கும். வளர்ந்த பிறகும் தோப்பு தன் பங்கைக் குடித்துக்கொண்டே இருக்கும். சீனாவின் மஞ்சள்மண் மேட்டுநிலத்தில் 1999 முதல் அரசு பெரும் பணம் செலவிட்டு மேட்டு வயல்களை மரமும் புல்லுமாக மாற்றியது. மண் அரிப்பு குறைந்தது, பசுமை கூடியது. ஆனால் 2016இல் வெளிவந்த ஆய்வு, அந்த வட்டாரத்தின் நீர்வளம் தாங்கக்கூடிய எல்லையைத் தாவர வளர்ச்சி நெருங்கிவிட்டது என்றும், அதற்கு மேல் மரம் வைத்தால் மக்களுக்கான தண்ணீரில் கைவைப்பதாகிவிடும் என்றும் எச்சரித்தது.

இஸ்ரேலில் நெகேவ் பாலையின் விளிம்பில், 280 மில்லிமீட்டர் மழையில் 1960களில் வளர்க்கப்பட்ட யாதிர் காடு வேறொன்றைச் சொல்கிறது. பைன் மரங்கள் அங்கே நன்றாகவே கரிமம் சேர்க்கின்றன. ஆனால் வெளிறிய மண் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த வெயிலை இருண்ட இலைக்கூரை உறிஞ்சிக்கொள்கிறது. அந்தக் கூடுதல் வெப்பத்தை ஈடுகட்டவே பல பத்தாண்டுகள் கரிமம் சேர்க்க வேண்டியிருக்கும் என்று 2010இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. நம் நிலம் அவ்வளவு வறண்டதும் இல்லை, கரிசல் அவ்வளவு வெளிறியதும் இல்லை. ஆனாலும் மரம் நட்டாலே புவி குளிரும் என்ற எண்ணம் வறள்நிலத்தில் அப்படியே செல்லாது என்பதை இது காட்டுகிறது.

கரிசலுக்கு இன்னொரு குணமும் உண்டு. கோடையில் அது கையளவு, முழ அளவு வெடிக்கும். வெடிக்கும்போது இளங்கன்றின் பக்க வேர்களை அறுத்துவிடும். வேம்பும் நாட்டுக் கருவேலமும் உடையும் பனையும் அதற்குப் பழகியவை. மகாகனி பழகியது அல்ல. 2016இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அப்படியோர் ஆண்டைத் தாங்காத தோப்பில் சேர்ந்த கரிமத்தைச் சேமிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆகவே ஆறு ஏக்கர் கரிசலுக்குத் தோப்பு வேண்டாம் என்பதே என் தெளிவான கருத்து.

கருவேலத்தை அப்படியே விட்டால்

நான்கு ஏக்கர் செவலில் நிற்கும் சீமைக் கருவேலத்துக்கு நியாயம் செய்தாக வேண்டும். 1877இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மரம், தமிழ்நாட்டில் விறகுப் பஞ்சத்துக்கு மருந்தாகப் பரப்பப்பட்டது. இன்றும் இராமநாதபுரம், விருதுநகர் பக்கத்தில் மூட்டம் போட்டுக் கரி எடுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து வேரில் வைக்கும். உதிரும் இலையால் அதன் அடியிலுள்ள மண்ணில் கரிமம் கூடும். வெட்டவெளியாகக் கிடக்கும் தரிசைவிட அதில் கரிமம் அதிகம் என்பதில் ஐயமில்லை. ஒரு செலவும் இல்லாமல் கிடைக்கும் கரிமம் அது.

ஆனால் அதன் கீழே வேறெதுவும் எழுந்து வர முடிவதில்லை. புல் போய்விடும், புல் போனால் ஆடுமாடு போய்விடும், முட்புதருக்குள் காட்டுப்பன்றி குடியேறி, பக்கத்துக் கடலைக்காட்டையும் மக்காச்சோளத்தையும் அழித்துவிடும். மேலும், வெட்ட வெட்டத் துளிர்க்கும் அந்த மரத்தைக் கரிக்காக மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வெட்டும்போது, மரத்தில் சேர்ந்தது அத்தனையும் திரும்பக் காற்றுக்கே போகிறது. நிலைத்த சேமிப்பு, வேரிலும் மண்ணிலும் இருப்பது மட்டுமே.

எனவே அகற்றுவதா வேண்டாமா என்பதைவிட எப்படி அகற்றுவது என்பதுதான் முக்கியம். பொக்லைன் வைத்து நான்கு ஏக்கரையும் ஒரே வாரத்தில் வேரோடு புரட்டினால், பதினைந்து ஆண்டு சேர்ந்த மண் கரிமம் வெயிலுக்குத் திறந்துவிடப்படும். மண்ணில் புதைந்து கிடக்கும் விதை முதல் மழையிலேயே காடாக முளைக்கும். நான் பார்த்தவரை, ஒரே மூச்சில் சுத்தம் செய்து அடுத்ததாக எதையும் நிறுத்தாமல் விட்ட நிலங்கள், மூன்று ஆண்டில் முன்னைவிட அடர்ந்த முட்காடாகத் திரும்பியிருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு ஏக்கராக, மழைக்கு முன் வெட்டித் தூரைத் தோண்டி, அதே பருவத்தில் அந்த ஏக்கரில் புல் விதைத்து முன்னேறுவதே சரியான முறை.

வெட்டிய மரத்தை என்ன செய்வது என்பதில் ஒரு புதிய வாய்ப்பு இருக்கிறது. வழக்கமான மூட்டத்தில் எடுக்கும் கரி அடுப்புக்குப் போய் எரிந்துவிடும். அதே மரத்தின் சிம்புகளையும் கிளைகளையும் திறந்த குழியில் தீ மேலெழ எரித்து, சாம்பலாவதற்கு முன் தண்ணீர் ஊற்றி அணைத்தால் கிடைப்பது பயோசார் என்னும் மண்ணுக்கான கரி. மரத்திலிருந்த கரிமத்தில் ஏறக்குறைய பாதிவரை அதில் மிஞ்சக்கூடும். நுண்ணுயிர்கள் அதை எளிதில் தின்ன முடியாததால் அதில் பெரும்பகுதி நூறாண்டு கடந்தும் மண்ணில் இருக்கும். பருத்த கட்டைகளை வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு, யாரும் வாங்காத சிம்பை மட்டும் இப்படிச் செய்தால் வருமானமும் கெடாது. ஆனால் அந்தக் கரி காரத்தன்மை உள்ளது; ஏற்கெனவே காரமான கரிசலில் கொட்டக் கூடாது. சாணிக் கரைசலில் சில வாரம் ஊறவைத்து, கார அமில நிலையைப் பார்த்த பிறகு, செவல் மண்ணில் இடலாம்.

உழும் கரிசலில்

இந்த ஒப்பீட்டில் நான் அதிகம் நின்று பேச விரும்புவது இந்த ஆறு ஏக்கரைப் பற்றித்தான். மண்ணில் கரிமத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்வது களி. கரிசலில் களி அதிகம். ஆகவே ஒரே அளவு எருவைச் செவலிலும் கரிசலிலும் இட்டால் கரிசலில் தங்குவது கூடுதல். அவ்வளவு பிடிப்புள்ள மண்ணே இன்று வெளிறிப்போய் நிற்கிறது என்றால் அதற்குக் காரணம் நாம்தான். மாசியில் அறுத்த நிலம் புரட்டாசி வரை ஆறேழு மாதம் வெறுமையாகக் கிடக்கிறது. ஆடிக் காற்று மேல்மண்ணை அள்ளுகிறது. தட்டை மாட்டுக்குப் போகிறது, பருத்திமார் அடுப்புக்குப் போகிறது அல்லது காட்டோரத்தில் எரிக்கப்படுகிறது. மாடுகளை விற்றுவிட்டதால் எரு திரும்பி வருவதில்லை. எடுத்துக்கொண்டே இருந்தோம், திருப்பிக் கொடுப்பதை நிறுத்திவிட்டோம்.

உழவே வேண்டாம் என்ற முறை வெளிநாடுகளில் பரவலாகப் பேசப்படுகிறது. அங்கேயும் நெடுங்கால ஆய்வுகள் சொல்வது, உழாத நிலத்தில் கரிமம் மேலடுக்கில் கூடுகிறது, அடியடுக்கில் அவ்வளவு கூடுவதில்லை, மொத்த வேறுபாடு எதிர்பார்த்ததைவிடச் சிறியது என்பதே. உழாத நிலத்தின் பலன் பெரும்பாலும் மேலே மூடாக்காகக் கிடக்கும் தாளிலிருந்து வருகிறது. நம்மிடம் மூடாக்குக்குப் போடத் தாளே மிஞ்சுவதில்லை. மேலும் சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்ற சொலவடை காரணமில்லாமல் எழுந்தது அல்ல: கோடை மழைக்குப் பின் ஓர் உழவு வெடிப்பை மூடி, ஈரத்தை அடியில் காத்து, அடுத்த மழையை உள்ளே இறக்குகிறது. ஈரம் கூடினால் பயிர் கூடும், பயிர் கூடினால் வேர் கூடும், வேரிலிருந்து வரும் கரிமமே மண்ணில் நெடுநாள் தங்குவது. எனவே கோடை உழவை விடச் சொல்ல மாட்டேன். நிறுத்த வேண்டியது, டிராக்டரின் ஒன்பது கலப்பையால் மூன்று நான்கு முறை உழுது, அதன் மேல் ரோட்டவேட்டரும் ஓட்டி மண்ணை மாவாக்கும் பழக்கத்தை. சரிவுக்குக் குறுக்காக ஓர் உழவு, விதைப்புக்கு ஓர் உழவு. ஆழச்சால் அகலப்பாத்தி அமைத்தால் மிஞ்சிய நீரும் தங்கும்.

எருவுக்கு எங்கே போவது? கோயம்புத்தூரில் 1909 முதல் நடந்துவரும் நிரந்தர உரச் சோதனை வயல், தொழு உரத்தையும் ரசாயன உரத்தையும் சேர்த்துப் பெற்ற மண், ரசாயன உரம் மட்டும் பெற்ற மண்ணைவிடக் கரிமம் கூடியதாக இருப்பதைத் தலைமுறை தலைமுறையாகக் காட்டிவருகிறது. எருவின் தேவையில் சந்தேகமில்லை, கிடைப்பதுதான் கடினம். மாடில்லாத வீட்டுக்கு ஆட்டுக்கிடையே எளிய வழி. அறுவடை முடிந்த காட்டில், ஊர் ஊராக ஆடு மேய்க்கும் கீதாரிகளின் ஆடுகளைப் பல இரவுகள் அடைத்தால், புழுக்கை மட்டுமல்லாமல் வண்டியில் ஏற்ற முடியாத மூத்திரமும் மண்ணில் இறங்குகிறது. மேலே சொன்ன 140 கிலோ நைட்ரஜன் கணக்கில் அதற்குப் பெரிய பங்குண்டு. சூழலின் கணக்கில் ஒரு நேர்மை வேண்டும்: கிடையில் விழும் கரிமம் மேய்ச்சல் புறம்போக்கிலிருந்தும் கண்மாய்க் கரையிலிருந்தும் ஆட்டின் வயிற்றில் ஏறி வந்தது. நம் காட்டுக்கு வரவு என்றால் அங்கே செலவு. எருவால் பயிர் செழித்து, அந்தப் பயிரின் வேர் கூடுதலாகச் சேர்ப்பது மட்டுமே புதிய கரிமம்.

அந்தப் புதிய கரிமத்தை நேரடியாக உண்டாக்குவது கொழிஞ்சி. கொஞ்சம் ஈரம் கிடைத்தாலே முளைத்து, ஆடு மாடு அதிகம் கடிக்காமல், வெறும் காட்டில் கோடை முழுதும் பச்சையாக நிற்கும் செடி அது. தை அறுவடைக்கு முன்பே நின்ற பயிருக்குள் விதைத்துவிட்டால், ஆவணியில் மடக்கி உழலாம். தக்கைப்பூண்டு நஞ்சைக்கு ஏற்றது. சணப்புக்குத் தண்ணீர் சற்றுக் கூடுதலாக வேண்டும். மானாவாரிக்குக் கொழிஞ்சிக்கு ஈடில்லை. கூடவே, பயறுக்குப் பின் கம்பு, கம்புக்குப் பின் பருத்தியும் உளுந்தும் ஊடுபயிராக என்று மாற்றிவந்தால், மக்காச்சோளத்தையே ஆண்டுதோறும் போடுவதால் மண் இளைப்பதும் குறையும்.

இங்கே தானாக முளைக்கும் மரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நைஜர் நாட்டின் மராதி, சிண்டர் வட்டாரங்களில் 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் நட்ட கன்றுகள் வறட்சியில் மாண்டபோது, ஆஸ்திரேலியரான டோனி ரினாடோ, வயலில் புதர்போல் தெரிந்தவை வெட்டப்பட்ட மரங்களின் உயிருள்ள தூர்கள் என்பதைக் கவனித்தார். ஒரு தூருக்கு இரண்டு மூன்று துளிரை மட்டும் விட்டு, மற்றவற்றைக் கழித்து வளர்க்க உழவர்களோடு சேர்ந்து தொடங்கினார். அது உழவரிலிருந்து உழவருக்குப் பரவி, ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பின. மரம் அரசுக்குச் சொந்தம் என்ற நிலை தளர்ந்து, உழவர் அதைத் தம்முடையது என்று உணரத் தொடங்கியதும் அந்தப் பரவலுக்குக் காரணம். கன்று வாங்கவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. மண்ணில் ஏற்கெனவே வேர் இருந்தது.

நம் கரிசலிலும் வரப்போரத்தில் வேம்பும் வெள்வேலும் உடையும் வன்னியும் ஆண்டுதோறும் தலைகாட்டத்தான் செய்கின்றன. டிராக்டர் திரும்பும்போது நாம் அழிக்கிறோம். ராஜஸ்தானில் வன்னி மரத்தின் அடியிலேயே கம்பு விதைக்கிறார்கள். அதன் நிழல் மெல்லியது, வேர் ஆழமானது. ஏக்கருக்கு எட்டுப் பத்து மரம், வரப்பிலும் சரிவின் குறுக்கேயும் நின்றால் டிராக்டருக்கும் இடைஞ்சல் இல்லை. வரப்பில் பனங்கொட்டை ஊன்றுவது அடுத்த தலைமுறைக்கான வேலை. ஆனால் புயலையும் வறட்சியையும் ஒருசேரத் தாங்கும் மரம் அதைப்போல் வேறில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணிக் கரை வட்டாரத்து வயல்களும் கண்மாய்களும் உடைந்தபோது, மேல்மண்ணோடு அதிலிருந்த கரிமமும் போனது. வரப்பைப் பிடித்து நிற்கும் வேருக்கு அப்படிப்பட்ட நாளில்தான் மதிப்பு.

செவலுக்குக் கொறங்காடு

கருவேலத்தை எடுத்த நான்கு ஏக்கரில் திரும்பவும் உழுது விதைப்பது எனக்குச் சம்மதமில்லை. அதற்கு ஆளில்லாமல்தான் அது தரிசானது. காங்கேயம், தாராபுரம் பக்கத்தில், 600 மில்லிமீட்டரை ஒட்டிய மழையில், பல தலைமுறையாகப் பேணப்படும் கொறங்காடு என்னும் மேய்ச்சல் காடுதான் இங்கே ஏற்ற முன்மாதிரி. முள்கிளுவையால் உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் தானாக வரும் பயறினச் செடிகளும், இடையிடையே வெள்வேல். புல் நிலத்தடியில் வேராகச் சேர்க்கிறது. வெள்வேலின் நெற்று, புல் காய்ந்த கோடையில் மாட்டுக்குத் தீனியாகிறது. உழவில்லாததால் சேர்ந்த மட்கு திறந்துவிடப்படுவதில்லை. ஒரு வறட்சியில் புல் முற்றாகக் காய்ந்தாலும் அடுத்த மழையில் அதே தூரிலிருந்து எழும். தோப்பில் மரம் செத்தால் அந்தக் கரிமம் போனது போனதுதான். புல்வெளியின் கரிமம் பெரும்பகுதி மண்ணுக்குள் இருப்பதால் தீயும் வறட்சியும் அதை எளிதில் தொடுவதில்லை.

குறைகளும் உண்டு. மேய்ச்சலை மாற்றி மாற்றி விடாமல் ஒரே கொறங்காட்டில் ஆண்டு முழுதும் மாட்டை விட்டால் புல் அழிந்து, கருவேலம் திரும்பிவிடும். மாடு சாணத்தோடு மீத்தேனையும் தருகிறது: ஒரு நாட்டு மாடு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு டன் கரியமில வாயுவுக்கு நிகரான மீத்தேனை வெளிவிடும் என்று கொண்டால், நான்கு ஏக்கரிலும் 0.1 விழுக்காடு உயர்ந்தால் சேரும் 23 டன்னை அது இருபத்துச் சொச்சம் ஆண்டுகளில் சமன்செய்துவிடும். ஆகவே கொறங்காடு அமைப்பதற்காகப் புதிதாக மாடு பெருக்குவது கரிமக் கணக்கில் நியாயமாகாது. ஊரில் ஏற்கெனவே இருக்கும் ஆடுமாட்டுக்கு, புறம்போக்கை மொட்டையடிக்காமல் மேய இடம் தருவதாக அமைந்தால் நியாயமாகும். தொடக்கத்தில் இரண்டு ஆண்டு மேய்ச்சலே இல்லாமல் புல்லை அறுத்து மட்டும் கொடுத்தால் தூர் பிடிக்கும்.

செவலில் களி குறைவு என்பதால், கண்மாயிலிருந்து கரம்பை அடிப்பதும் இங்கே பலன் தரும். வட்டாட்சியரிடம் அனுமதி பெற்று எடுக்கும் வண்டல், செவலுக்குத் தேவையான களியைத் தருகிறது, கண்மாயும் ஆழமாகிறது. கரிசலுக்கு அதே கரம்பையை அடிப்பதில் அவ்வளவு பயனில்லை.

கையெழுத்துக் கேட்டு வருபவர்கள்

ஐந்து டன் எருவை ஆண்டுதோறும் இட்டால் ஏக்கருக்கு ஆண்டுக்கு மூன்றில் ஒரு டன் கரியமில வாயு என்று மேலே கண்டோம். பத்து ஏக்கருக்கு 3.3 டன். டன்னுக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 3,300 ரூபாய். அதிலிருந்து மண் மாதிரி எடுக்கும் செலவும் சரிபார்ப்புச் செலவும் இடையில் நிற்பவர்களின் பங்கும் போக வேண்டும். காட்டுக்குக் காடு, மரத்தடிக்கும் வெட்டவெளிக்கும் கரிமம் மாறுபடும் நிலத்தில், 0.1 விழுக்காடு மாற்றத்தை நம்பகமாக அளக்கப் பல இடங்களில் குழி தோண்டி மண்ணெடுக்க வேண்டும். சிறு நிலத்துக்கு அந்தச் செலவே வருமானத்தை விழுங்கிவிடும்.

ஒப்பந்தத்தின் காலமோ இருபது, முப்பது, நாற்பது ஆண்டு என்று நீளும். அதற்குள் நிலம் பாகப்பிரிவினையாகலாம், மகள் திருமணத்துக்கு ஓர் ஏக்கர் விற்கப்படலாம். வட கென்யாவில் சுமார் 19 லட்சம் ஹெக்டேர் மேய்ச்சல் நிலத்தை வைத்து நடத்தப்பட்ட கரிமத் திட்டம், மேய்ச்சல் முறை உண்மையில் மாறியதா, மக்களின் முறையான சம்மதம் இருந்ததா என்ற கேள்விகள் எழுந்ததால் 2023இல் மறுஆய்வுக்கு உள்ளானது. இந்தியாவும் 2023இல் தனக்கென ஒரு கார்பன் வரவு வணிகத் திட்டத்தை அறிவித்திருக்கிறது. வருங்காலத்தில் சிறு உழவர்கள் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து அதில் நுழைய வழி பிறக்கலாம். இன்றைய நிலையில் அந்தப் பணத்தை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. மரத்தின் மீதோ மேய்ச்சலின் மீதோ உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லும் தாளில் கையெழுத்திடவே கூடாது.

எதை முதலில்

ஆறு ஏக்கர் கரிசலில் பயிர் தொடரட்டும், கிடையும் கொழிஞ்சியும் ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டாகவாவது மாறி மாறி வரட்டும், உழவு குறையட்டும், தானாக முளைக்கும் மரம் வரப்பில் நிற்கட்டும். நான்கு ஏக்கர் செவலில் ஆண்டுக்கு ஓர் ஏக்கராகக் கருவேலத்தை எடுத்து, சிம்பைக் கரியாக்கி அதே ஏக்கரில் புதைத்து, கொழுக்கட்டைப் புல் விதைத்துக் கொறங்காடாக்கலாம். மூன்றாம் ஆண்டு ஓர் ஏக்கர் கட்டைக் கருவேலம் இன்னும் நிற்கும். அதன் விறகு வருமானம் மற்ற மூன்று ஏக்கருக்கான வேலிச் செலவைத் தாங்கும். தோப்பு வேண்டும் என்ற ஆசை வீட்டில் இருந்தால், செவலின் தாழ்ந்த மூலையில், பண்ணைக்குட்டையின் கசிவு எட்டும் அரை ஏக்கரில் புளியும் நாவலும் புங்கமும் வைக்கலாம்.

இந்தத் திட்டத்தில் பணம் மெதுவாக வரும் என்பதை மறைக்க விரும்பவில்லை. மகாகனித் தோப்புக்காரர் காட்டும் விலைப்பட்டியலோடு ஒப்பிட்டால் இது எளிமையாகத்தான் தெரியும். ஆனால் 2016 போன்ற ஓர் ஆண்டு வந்தால் கரிசலில் ஒரு போகம் தவறும், கொறங்காட்டில் புல் காயும். இரண்டிலும் மண்ணுக்குள் இருப்பதில் பெரும்பகுதி அப்படியே இருக்கும், மறு ஆண்டு மழைக்கு இரண்டும் திரும்பும்.

வேலை தொடங்கும் முன் ஒன்றைச் செய்துவிட வேண்டும். இந்த ஆவணிக்குள், கரிசலில் ஆறு இடத்திலும் செவலில் கருவேலத்தடியில் மூன்று, வெளியில் மூன்று இடத்திலும் குழி எடுத்து, அரையடி வரை ஒரு மாதிரி, அரையடியிலிருந்து ஓரடி வரை ஒரு மாதிரி என்று தனித்தனியாகப் பையிலிட்டு, குழியின் இடத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். வழக்கமான பரிசோதனைக்கு அரையடி மண்ணே போதும் என்பார்கள். புல்லின் வேரும் கொழிஞ்சியின் வேரும் இறங்கும் அடுத்த அரையடியையும் வற்புறுத்திக் கொடுக்க வேண்டும். ஐந்து ஆண்டு கழித்து அதே மாதத்தில் அதே இடங்களில் திரும்ப எடுத்துப் பார்ப்பதற்கு அந்த அறிக்கையைப் பட்டாவோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.